சிங்கத்தை விடுங்கள், கிணற்றைப் பாருங்கள்

கேள்வி:

ஐயா, நான் கோண்டாவிலில் பலகாரம் செய்து விற்கும் தொழில் நடத்துகிறேன். மிக்சர், முறுக்கு, பருத்தித்துறை வடை எல்லாம் பைக்கற்றில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். மாதம் சுமார் 12 லட்சம் ரூபாய்க்கு விற்பனை. எல்லாச் செலவும் போக நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் மிஞ்சும் என்று நினைக்கிறேன். விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே விநியோகஸ்தர்தான் எடுக்கிறார். அவரும் கடைக்காரரும் காசு தர ஒன்றரை மாதம் செல்லும். போன தீபாவளிக்கு எண்ணெயும் கடலை மாவும் வாங்கக் காப்பை அடகு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் கொண்டுபோகப் பயற்றம் பணியாரம், அரியதரம் கேட்டுச் செய்விப்பார்கள், அது சீசனுக்கு மட்டும்.

என்னிடம் நாலு வருடம் வேலை செய்த பிள்ளை போன வருடம் விலகி, இரண்டு ஒழுங்கை தள்ளி அதே மிக்சரைச் செய்கிறாள். நான் 250 ரூபாய்க்குக் கொடுப்பதை அவள் 220 ரூபாய்க்குக் கொடுக்கிறாள். ரொறன்ரோவில் இருக்கும் என் கணவரின் தம்பி 40 லட்சம் போடுகிறேன், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கிளை போட்டு அந்தப் பக்கத்துக் கடைகளுக்கும் கொடுக்கலாம் என்கிறார். அண்மையில் நான் போன ஒரு பயிற்சியில் பேசியவர், வியாபாரம் ஒரு காடு, சிங்கமாக இரு, இல்லாவிட்டால் மானாகச் சாவாய் என்றார். மரம் இலை உதிர்ப்பது மாதிரிப் பயனில்லாத ஆட்களை உதிர்க்க வேண்டும், பனை மாதிரிப் பொறுமையாக வளர வேண்டும் என்றும் சொன்னார். கேட்டபோது நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வதென்று விளங்கவில்லை. விலையைக் குறைத்து அவளை விழுத்துவதா? கிளை திறப்பதா? என் அப்பா தோட்டக்காரர், எழுபதுகளில் மிளகாயிலும் வெங்காயத்திலும் வீடு கட்டி, பிறகு அதே தோட்டத்தில் நட்டப்பட்டவர். இயற்கையைப் பார்த்து வியாபாரம் படிக்கலாம் என்பது உண்மையா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

படிக்கலாம். எதைப் பார்த்துப் படிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பயிற்சியில் உங்களுக்குக் காட்டியது ஆபிரிக்கப் புல்வெளி. இந்தத் தீவின் காடுகளில் சிங்கம் இல்லை. நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்த மிருகம் அது, அதிலும் பாய்ந்து பிடித்த காட்சியை மட்டும் பார்த்திருக்கிறோம். இரை தப்பி ஓட, வெறும் வயிற்றோடு திரும்பும் வேட்டைகள்தான் அதன் வாழ்க்கையில் அதிகம். நாளின் பெரும்பகுதி படுத்துக் கிடக்கும். கழுதைப்புலி பாடுபட்டுப் பிடித்ததைத் தட்டிப் பறிப்பதும் உண்டு. இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மண்டபத்தில் அவ்வளவு கைதட்டல் விழுந்திருக்காது.

சிங்கத்துக்கு மானின் வீட்டுச் சடங்குக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. சரி, காட்டை விட்டுவிட்டு அப்பாவின் தோட்டத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்ப வாசித்தது காப்பை அடகு வைத்த வரியைத்தான். மாதம் 12 லட்சம் விற்கிற ஒருவர் எண்ணெய் வாங்க நகையைக் கழற்ற வேண்டி வந்தது ஏன்? இலாபம் இல்லையா? இருக்கிறது. பதினைந்து வீதம் என்றால் மாதம் 1 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் ஒன்றரை மாதக் கடன் என்றால் எந்த நாளில் பார்த்தாலும் 18 லட்சம் ரூபாய் உங்கள் காசு வெளியில் நிற்கிறது. உங்கள் பத்து மாத இலாபம் அது. மற்றவர்களுடைய கல்லாப்பெட்டியில் இருக்கிறது. கடலை மாவுக்காரரும் எண்ணெய்க்காரரும் உங்களுக்கு ஒன்றரை மாதம் தருவார்களா? தரமாட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சிறு தொழில்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. விற்பனை இல்லாமல் படுத்த தொழில்களைவிட, விற்பனை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கைக்காசு வற்றிப் படுத்த தொழில்களைத்தான் அதில் கூடுதலாகக் காண்கிறேன்.

இதை உங்களுக்கு விளக்க எங்கள் நிலத்தடி நீரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழும் மழைதான் மிச்ச மாதங்களுக்கும் சேர்த்து முதல். வருடத்துக்குச் சுமார் 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர், அதில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்துக்குள். அந்த நீர் செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, கீழே உள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் நிற்கிறது. அதற்கும் கீழே கடல்நீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, ஆகவே உவர்நீரின் மேல் மிதக்கிறது. புத்தூரில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். கோண்டாவில் கிணறுகளின் அடியிலும் கதை அதுதான், கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் நெதர்லாந்தைச் சேர்ந்த கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீற்றர் உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அப்படியென்றால் மேலே 1 மீற்றர் இறங்கினால் கீழே உவர் 40 மீற்றர் ஏறப் பார்க்கும். இது ஏட்டுக் கணக்கு. வெடிப்பும் பொந்தும் உள்ள எங்கள் கல்லில் இடத்துக்கு இடம் மாறும், உடனடியாகவும் நடக்காது. ஆனால் மேலே தெரிவது சிறிது, கீழே நடப்பது பெரிது என்பது மாறாது.

வெங்காயத்துக்கு இறைக்கும் இடத்தில் நின்று பாருங்கள். மிசின் ஓடும். ஒருவர் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாறுவார்: ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறப்பார். கண் பாத்தியில் இருந்தாலும் காது மிசினில் இருக்கும். கிணற்றில் தண்ணீர் இறங்கிக் குழாய் காற்றை இழுக்கப் போகிறது என்றால் மிசினின் சத்தம் மாறும். அதற்கு முன்பே நிறுத்திவிடுவார். மிச்சப் பாத்திகள் காய்ந்து கிடந்தாலும் பரவாயில்லை, கிணறு ஊற வேண்டும். இதைப் பொறுக்காமல் பெரிய மிசின் பூட்டிக் கோடை முழுவதும் விடாமல் இறைத்தவர்களும் உண்டு. முதல் போகத்தில் அவர்கள் பயிர்தான் செழிப்பாக நிற்கும். பிறகு ஒரு பங்குனியில் தண்ணீர் வாயில் வைக்க உவர்க்கும், வெங்காயத் தாளின் நுனி கருகும். கிணற்றில் தண்ணீர் குறையவில்லையே, நிறைய நிற்கிறதே என்பார்கள். நிற்கும், உவராக நிற்கும்.

உங்கள் தொழிலில் மழை என்பது கைக்கு வந்து சேரும் காசு. விற்பனைச் சீட்டு எழுதுவது மழையாகாது, அது இறைப்பு. ஒவ்வொரு புது ஓடரும் முதலில் உங்கள் காசை வெளியே எடுக்கிறது, ஒன்றரை மாதம் கழித்துத்தான் திருப்பித் தருகிறது. அந்த இடைவெளிக்குள் அடகுக் காசு ஏறி வருகிறது. பிறகு லீசிங், அதற்கும் பிறகு வாசலுக்கு வந்து கிழமைக்குக் கிழமை தவணை பிரிக்கும் கடன். கல்லாவில் காசு இருக்கிறதே என்று தோன்றும். அது யாருடைய காசு என்று பாருங்கள். 2022இல் வட்டி ஏறியபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மத்திய வங்கி ஏப்ரலில் ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் கூட்டியது, ஜூலையில் அதன் கடன் வழங்கல் வீதம் 15.5 ஆனது. வங்கிகள் அதற்கும் மேலே போயின. சொந்தக் காசில் ஓடிய கடைகள் வியாபாரம் குறைந்து தள்ளாடின, ஆனால் நின்றன. மற்றவர் காசில் ஓடியவை அப்படி நிற்கவில்லை.

இப்போது கொழுந்தனாரின் 40 லட்சத்துக்கு வருவோம். இரண்டு கிளையும் சேர்ந்து மாதம் 6 லட்சம் விற்கிறது என்று வையுங்கள். அதே ஒன்றரை மாதக் கடன் என்றால் இன்னும் 9 லட்சம் வெளியில் நிற்கும். அதில் உங்கள் இலாபப் பங்கைக் கழித்தாலும் 7 லட்சத்து 65 ஆயிரம் கையிலிருந்து போன காசு. கிளைகள் தரும் மாத இலாபம் 90 ஆயிரம். ஆகவே முதல் எட்டரை மாத இலாபம் இந்தப் பள்ளத்தை நிரப்பவே சரி. இடத்துக்கு முற்பணம், வான், பொதி மிசின், இரண்டு ஊரிலும் மேற்பார்வைக்கு ஆள், இவற்றை நான் இன்னும் சேர்க்கவில்லை. அவர் தருவது பெரிய மிசின். மழையை அவரால் கூட்டித் தர முடியாது. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ரொறன்ரோவில் இருந்து பார்த்தால் விற்பனை தெரியும், ஊறுகிற வேகம் தெரியாது.

முதல் வேலை வசூல். ஒரு கொப்பியில் கடை கடையாக எழுதுங்கள்: தர வேண்டியது எவ்வளவு, எத்தனை நாளாக. 30 நாளுக்கு மேல், 45 நாளுக்கு மேல், 60 நாளுக்கு மேல் என்று மூன்று நிரல். எழுதி முடித்ததும் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்: எல்லாரும் பிந்துவதில்லை, ஒரு சிலர்தான் உங்கள் காசின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். சின்னக் கடைகளுக்குப் பில்லுக்குப் பில் முறையைக் கொண்டுவாருங்கள், போன பில்லுக்குக் காசு தந்தால்தான் இந்தப் பில்லுக்குச் சாமான். சண்டை பிடிக்கத் தேவையில்லை. கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பியிடம் 'அக்கா அப்படித்தான் சொல்லிவிட்டவ' என்று சொல்லச் சொன்னால் போதும். ஒரு கிழமைக்குள் காசு தருகிறவருக்கு 2 வீதம் கழிவு கொடுக்கலாம். ஆனால் கவனம், 45 நாள் கடனை 7 நாளாக்க 2 வீதம் விடுவது வருடக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 20 வீத வட்டிக்குச் சமம். தீபாவளி, பொங்கலுக்கு முந்திய மாதங்களில் மட்டும் கொடுங்கள், அப்போதுதான் உங்களுக்குக் காசு முடை.

பெரிய பிரச்சினை அந்த விநியோகஸ்தர். பாதிக்கு மேல் எடுக்கிறார் என்கிறீர்கள். இங்கேதான் உங்கள் அப்பாவின் கதை வருகிறது.

1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிக் கட்டியது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது நின்றதால் எங்கள் தோட்டக்காரருக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. கல்வீடு எழும்பியது, உழவு மிசின் வந்தது, சீதனமும் கூடியது. நிலம் போதாமல் முத்தையன்கட்டு, விசுவமடு என்று போய் மிளகாய் வைத்தார்கள். 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்தது. இறக்குமதி வந்து விலை விழுந்தது. தோட்டக்காரர் சோம்பேறியாகவில்லை, மண்ணும் கெட்டுப்போகவில்லை. அவர்களுக்கு எட்டாத ஓரிடத்தில் ஒரு கதவு திறந்தது, அவ்வளவுதான். ஒரே பயிரை நம்பிய நிலத்துக்கு நோய் வந்தாலும் இதுதான் நடக்கும், விலை விழுந்தாலும் இதுதான் நடக்கும். அப்போதும் தாக்குப்பிடித்தவர்கள் யார் என்று ஊரில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் புகையிலை, கொஞ்சம் மரக்கறி, கொட்டிலில் இரண்டு மாடு, வேலியில் கிளுவையும் பூவரசும் நின்றவர்கள். வேலிக் கதியால் தளிர்த்தால் குழை ஆட்டுக்கு, மிச்சம் தோட்டத்தில் தாழ்க்க. எருவுக்கும் தீனிக்கும் கைக்காசு தேவைப்படாத ஆட்களை விலை வீழ்ச்சி அவ்வளவு லேசில் சாய்க்கவில்லை.

உங்கள் விநியோகஸ்தர் உங்களுடைய 1977. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே அந்தப் பிள்ளையின் 220 ரூபாய் மிக்சரை எடுத்துக்கொண்டு உங்களை விட்டால் அதில் அநியாயம் ஒன்றும் இல்லை, வியாபாரம். ஆனால் உங்கள் ஆறு பேரின் சம்பளம் அன்றைக்கே நிற்கும். ஒரு ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத நிலைக்கு ஒரு வருடத்தில் வரப் பாருங்கள். அவருக்குக் குறைப்பதாக நினைக்காதீர்கள், மற்றவர்களைக் கூட்டுவதாக நினையுங்கள். அவருடைய கடன் காலத்தை மட்டும் 30 நாளுக்கு இறக்கும்படி இப்போதே கதையுங்கள். பின்திகதிக் காசோலையாகத் தருகிறேன் என்றால் வாங்குங்கள், வெறும் வாய்ச்சொல்லைவிட அது மேல்.

சரி, அந்தப் பிள்ளை. விலையைக் குறைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். 250 ரூபாய்ப் பைக்கற்றில் உங்களுக்கு மிஞ்சுவது 37 ரூபாய் 50 சதம். 220க்கு இறங்கினால் மிஞ்சுவது 7 ரூபாய் 50 சதம். இப்போதைய இலாபத்தைத் தக்கவைக்க ஐந்து மடங்கு பைக்கற் விற்க வேண்டும். ஐந்து மடங்கு எண்ணெய், ஐந்து மடங்கு கடன். இதுதான் நீங்கள் ஆகப்போகும் சிங்கம்.

இந்த விஷயத்தில் மொஸ்கோவில் 1930களில் காஸ் என்ற உயிரியலாளர் செய்த பரிசோதனையை எனக்கு மிகவும் பிடிக்கும். பரமீசியம் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர், பாடசாலையில் படித்திருப்பீர்கள். அதில் இரண்டு இனத்தை ஒரே குழாயில், ஒரே தீனியில் வளர்த்தார். தனித்தனியே விட்டால் இரண்டும் நன்றாகப் பெருகின. ஒன்றாக விட்டபோது ஒன்று மிஞ்சியது, மற்றது அழிந்தது. இந்தப் பாதியைத்தான் மேடைகளில் சொல்வார்கள். மறுபாதி இருக்கிறது. அப்படி அழிந்த அதே இனத்தை வேறொரு பரமீசியத்தோடு சேர்த்து விட்டார். இம்முறை இரண்டும் பிழைத்தன. ஒன்று குழாயின் மேற்பகுதியில் மிதந்த பற்றீரியாவைத் தின்றது, மற்றது அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்றது. குழாய் ஒன்றுதான், தீனி இருந்த ஆழம் வேறு.

மொஸ்கோ தூரம் என்றால் மாரி கழியும் காலத்தில் அரியாலைக் கரைக்கோ சுண்டிக்குளத்துக்கோ ஒரு காலை போய் வாருங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, சொண்டைத் தலைகீழாக நீருக்குள் வைத்து அரித்துக்கொண்டே நடக்கும். கொக்கு முழங்காலளவு நீரில் அசையாமல் நின்று மீனுக்குப் பார்த்திருக்கும். உள்ளான் சேற்று விளிம்பில் ஓடி ஓடிக் கொத்தும். நீர்க்காகம் முழுகிப் போய் வேறு எங்கேயோ எழும்பும். ஒரே களப்பு, ஆயிரக்கணக்கில் வாய்கள், ஒன்றோடொன்று சண்டை பிடிப்பது அபூர்வம். ஒவ்வொன்றின் சொண்டும் காலும் வேறு நீளம், ஒவ்வொன்றும் போகும் ஆழம் வேறு.

உங்கள் ஆழம் எது? நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டு 'சீசனுக்கு மட்டும்' என்று தள்ளிவிட்டீர்கள். பயற்றம் பணியாரமும் அரியதரமும் கேட்டு வருகிறவர்கள் காசை எப்போது தருகிறார்கள்? பெரும்பாலும் ஓடர் கொடுக்கும்போதே. விலையில் பேரம் பேசுகிறார்களா? பிளேனுக்கு நேரமாகிறது, பொதி நன்றாக இருந்தால் போதும் அவர்களுக்கு. உங்கள் தொழிலில் முன்பணம் வரும் ஒரே இடம் அது, கிணற்றில் ஊறும் பக்கம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், அதை ஒட்டிய லீவு மாதங்களும், மார்கழி லீவும், கலியாண மாதங்களும் சேர்ந்தால் சீசன் என்று சொல்ல முடியாத அளவு நீளம். சாமத்தியச் சடங்கு, கலியாணப் பலகாரம் இரண்டுக்கும் மண்டபக்காரர், சமையல்காரரோடு தொடர்பு வையுங்கள். அந்தப் பிள்ளை மிக்சரோடு ஒழுங்கைக் கடைகளில் நிற்கட்டும். அவளால் 220க்கு முடிகிறதென்றால் வீட்டுக் குசினியில், வாடகை இல்லாமல், தன் உழைப்புக்குச் சம்பளம் போடாமல் செய்கிறாள். அந்தத் தரையில் அவளோடு மல்லுக்கட்ட உங்கள் செலவு இடம்தராது.

பொதியில் கொஞ்சம் செலவு செய்யுங்கள். அரியதரத்துக்கும் பயற்றம் பணியாரத்துக்கும் எதிரி காற்று. எண்ணெயில் பொரித்ததெல்லாம் காற்றுப் பட்டால் காறல் மணம் வரும். சூடு முழுவதும் ஆறிய பிறகு அடைத்து, காற்றை எடுத்து, வெப்பத்தில் ஒட்டும் தடித்த பையில் போடுங்கள். லேபிளில் மூன்று மொழியிலும் பெயர், சேர்மானங்கள், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி இருக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் ஒரு தலையிடி குறையும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கும் பையைத் திறந்து விளக்கம் சொல்ல வசதி. எந்த நாட்டுக்குள் எதைக் கொண்டுபோகலாம் என்பதை மட்டும் வாங்குகிறவரே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் உறுதி கொடுக்க வேண்டாம்.

இலை உதிர்ப்பது பற்றி. இந்த ஒப்புமையைச் சொன்னவர் மரத்தைக் கிட்ட நின்று பார்க்கவில்லை. மரம் இலையைச் சும்மா உதறிவிடுவதில்லை. உதிர்க்கும் முன் அதிலுள்ள நைதரசன், பொசுபரசில் கணிசமான பங்கை உள்ளே இழுத்துக்கொள்கிறது, இலை மஞ்சளாவதே அந்த வேலை நடக்கும்போதுதான். சாரத்தை உறிஞ்சிவிட்டுச் சக்கையை விடுவது இலைக்குப் பொருந்தும், இலைக்கு வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இல்லை. ஆட்களுக்கு அதை ஒப்பிட்டால் அசிங்கமாகிவிடும். இங்கே இயற்கையைப் பார்க்காமல் சட்டத்தைப் பாருங்கள்: ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், அவர்கள் 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். ஆறு பேருக்கும் கட்டுகிறீர்களா? அந்தப் பிள்ளைக்கு நாலு வருடமும் கட்டினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் கேட்கிறேன். அவள் ஏன் விலகினாள் என்பதும் அதில் இல்லை. மிச்சம் இருக்கும் ஆறு பேரில் யார் அடுத்ததாக மூன்றாவது ஒழுங்கையில் மிக்சர் போடப் போகிறார்கள் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் கிடக்கிறது.

பனை விஷயத்தில் எனக்குப் பேச்சாளரோடு பாதி உடன்பாடு. பனங்கொட்டை முளைத்ததும் மேலே ஒன்றும் காட்டாது. முளை கீழே இறங்கும், அங்கே தடித்துக் கிழங்காகும். பாத்தியில் அதைக் கிண்டி எடுத்தால் அவித்துத் தின்னலாம், காயவிட்டால் ஒடியல், ஆனால் மரம் இல்லை. விட்டால் மரம். அது பாளை தள்ளப் பத்துப் பதினைந்து வருடம் செல்லும், அதுவரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று எங்கள் ஆட்கள் அதனால்தான் சொன்னார்கள். இலாபத்தை அவசரப்பட்டு உருவி வீட்டுச் செலவுக்கு எடுக்காதே என்ற அளவில் இந்தப் பாடம் சரி. மற்றபடி மிக்சர் பனை இல்லை. ஒரு கிளை ஒரு வருடத்தில் தன் செலவையாவது தாங்கவில்லையென்றால் அது வேர் விடுகிறது என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம், பெரும்பாலும் அது அழுகுகிறது. பொறுமை என்ற பெயரில் நட்டத்தைச் சுமந்தவர்கள் கனபேர்.

ஆகவே கிளிநொச்சிக்குக் கிளையோடு போகாமல் பெட்டியோடு போங்கள். கிழமைக்கு இரண்டு நாள் வாடகை வானில், காசுக்கு மட்டும், பத்துப் பதினைந்து கடைகளுக்கு. ஆறு மாதம் ஓடட்டும். வான் செலவு போக மிஞ்சுகிறதா, அதே கடைகள் திரும்பக் கேட்கின்றனவா என்று பாருங்கள். காசுக்கு எடுக்க மாட்டோம் என்று எல்லாரும் சொன்னால் அதுவும் ஒரு விடைதான், அதற்கு 40 லட்சம் செலவழிக்காமல் கண்டுபிடித்தீர்கள். வவுனியாவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கொழுந்தனாரிடம் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. 40க்குப் பதில் ஒரு 8 லட்சம் கேளுங்கள். அதில் காப்பை மீட்டு, பொதி மிசினை வாங்கி, எண்ணெயையும் கடலை மாவையும் காசுக்கு மொத்தமாக எடுக்கும் அளவுக்குச் சுழற்சிக் காசு வைத்துக்கொள்ளலாம். காசு வங்கி வழியாக வரட்டும், கையில் கொடுத்துவிட வேண்டாம். அது கடனா பங்கா என்பதை வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பங்கு என்றால் பிரதேச செயலகத்தில் உங்கள் பெயரில் உள்ள வியாபாரப் பதிவைப் பங்குடைமையாக மாற்ற வேண்டிவரும், அல்லது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனி பதிய வேண்டிவரும். அவர் கனேடியக் குடியுரிமை எடுத்துவிட்டாரென்றால் விதிகள் வேறு, வங்கி முகாமையாளரையும் ஒரு சட்டத்தரணியையும் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். என் அபிப்பிராயம், இப்போதைக்குக் கடனாக வாங்குவது உங்கள் இருவருக்கும் நல்லது.

கடனென்றாலும் எழுத்தில் இருக்கட்டும். வட்டி உண்டா இல்லையா, மாதத் தவணை எவ்வளவு, திடீரென்று அவருக்குக் காசு தேவைப்பட்டால் எத்தனை மாத முன்னறிவித்தல் தர வேண்டும், நீங்கள் எத்தனை தவணையில் திருப்பிக் கொடுப்பீர்கள். குடும்பத்துக்குள் இதையெல்லாம் எழுதக் கேட்பது கூச்சமாக இருந்தால், பத்திரிகையில் ஒருவர் அப்படிச் செய்தால்தான் சரி என்று எழுதியிருக்கிறார் என்று சொல்லிப் பழியை என் மேல் போடுங்கள்.